ஹேவ்லாக்கா, நீலா? ஒரு விடுமுறைக் கேள்விக்குப் பின்னால் உள்ள வரலாறு

அந்தமானுக்கு நான்கைந்து நாள் பயணம் திட்டமிடுவோர் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். இரண்டு தீவுகளுக்கும் போக நாள் போதாது. ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் ஹேவ்லாக்கா, நீலா? அந்தமான் மொழிகளைப் பற்றிப் படித்துவருவதால், டிசம்பர் விடுமுறை நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் விடுதி நண்பர்களும் இளநிலை ஆய்வாளர்களும் இதை என்னிடம் கேட்கிறார்கள். அந்தத் தீவுகளின் கடற்கரைகளைவிட அவற்றின் பெயர்களைப் பற்றியே எனக்கு அதிகம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பயணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ரிட்சி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்றும் அதன்பின் ஸ்ரீ விஜயபுரம் என்றும் அழைக்கப்படும் தலைநகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஹேவ்லாக் பெரியது; 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு சுமார் 6,300 பேர் வாழ்ந்தனர். நீல் அதில் ஐந்தில் ஒரு பங்கு பரப்பளவுகூட இல்லாத சிறு தீவு. மக்கள்தொகை சுமார் 3,000. 2004இல் 'டைம்' இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டியதும், 2020இல் நீலக்கொடிச் சான்று பெற்றதுமான ராதாநகர் கடற்கரை ஹேவ்லாக்கில் இருக்கிறது. ஆழ்கடல் முக்குளிப்புப் பயிற்சிக் கூடங்களும் விலையுயர்ந்த விடுதிகளும் அங்கேதான். நீலில் காய்கறித் தோட்டங்களும் வாழையும் அதிகம். தலைநகரின் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தீவு அது. மிதிவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் காலையில் சீதாபூரில் சூரியன் எழுவதையும் மாலையில் லட்சுமண்பூரில் மறைவதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பரத்பூர் கரையில் கண்ணாடி அடித்தளப் படகில் இருந்தபடியே பவளப்பாறைகளைக் காணலாம்.

பயண வழிகாட்டிகள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். இவ்விரு தீவுகளையும் இணையாக வைத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று நமக்கு முன் நிறுத்தியது சுற்றுலாத் துறை அன்று என்பதை அவை சொல்வதில்லை. அந்த இணை 1857இல் கங்கைக் கரையில் உருவானது.

ஹென்றி ஹேவ்லாக் இங்கிலாந்தின் சண்டர்லாந்துப் பகுதியில் 1795இல் பிறந்தவர். ஜேம்ஸ் நீல் 1810இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1827இல் சென்னை வந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படையில் சேர்ந்தவர். 1857 கிளர்ச்சி மூண்டபோது 'மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்' என்ற பெயர் பெற்றிருந்த அந்தப் படைக்குத் தலைமையேற்று, சென்னையிலிருந்து கல்கத்தா வழியாகக் காசிக்கும் அங்கிருந்து ஜூன் மாதத்தில் அலகாபாத்துக்கும் போனார். காசியிலிருந்து அலகாபாத் வரையிலான சாலையோரக் கிராமங்களில் அக்காலத்தில் நடந்த கொலைகளும் தீவைப்பும் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர்களையே முகம் சுளிக்க வைத்தவை. கிளர்ச்சியில் பங்கேற்றவர், பங்கேற்காதவர் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. ஜூலை மாதத்தில் கான்பூர் வந்து சேர்ந்த நீல், ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட பீபீகர் வீட்டின் தரையில் உறைந்திருந்த இரத்தத்தைக் கைதிகள் துடைக்க வேண்டும், அதன்பிறகே அவர்களைத் தூக்கிலிட வேண்டும் என்று ஆணையிட்டார். உயிரைப் பறிப்பதற்கு முன் சாதித் தூய்மையையும் பறிப்பது என்று நன்கு கணக்கிட்டு வகுத்த தண்டனை அது.

ஹேவ்லாக் வேறு வகையான மனிதர். பாப்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர். வீரர்களுக்கு வேதப் பாடம் நடத்துபவர் என்று பெயர் பெற்றவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நீல் கான்பூரை அடைந்த உடனேயே, தான் இருக்கும்வரை அங்கே இன்னொருவர் ஆணை பிறப்பிக்க முடியாது என்பதை ஹேவ்லாக் அவருக்குத் தெளிவாக உணர்த்தினார். லக்னோவை நோக்கிப் புறப்பட்ட ஹேவ்லாக், நோயாலும் ஆள்சேதத்தாலும் படை மெலிந்து வழியிலேயே பின்வாங்க நேர்ந்தபோது, கான்பூரில் இருந்த நீல் தம் மேலதிகாரிக்கே கடிந்து ஒரு கடிதம் எழுதினார். பொது நலன் கருதியே உம்மைக் கைது செய்யாமல் விடுகிறேன் என்ற பொருளில் ஹேவ்லாக்கின் மறுமொழி அமைந்தது. பிறகு இருவரும் ஒரே படையில் லக்னோவுக்குப் போனார்கள். 1857 செப்டம்பர் 25 அன்று நகருக்குள் நுழையும்போது நீல் சுடப்பட்டு இறந்தார். நவம்பர் 24 அன்று ஹேவ்லாக் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்தார். உயிரோடு இருந்தவரை ஒரே ஊரில் இருக்க விரும்பாத இருவரையும் வரைபடம் அடுத்தடுத்த தீவுகளாக்கி ஒரே கடலில் நிறுத்திவிட்டது.

இந்த இருவர் மட்டுமல்லர். ரிட்சி தீவுக்கூட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், அவுட்ராம், இங்கிலிஸ், நிக்கல்சன், வில்சன், பீல். நீல் தீவின் அருகிலேயே, ஜான்சி இராணியை எதிர்த்துப் போரிட்ட ஹக் ரோஸின் பெயரில் ஒரு குறுந்தீவு. டெல்லியிலும் லக்னோவிலும் பஞ்சாபிலும் கிளர்ச்சியை அடக்கியவர்களின் பட்டியல் அப்படியே தீவுகளாகக் கடலில் பரப்பப்பட்டிருக்கிறது. 1857 பற்றிய பிரிட்டிஷ் வரலாற்று நூல் ஒன்றின் பெயரடைவைப் படிப்பது போலிருக்கும்.

அவ்வாறு பெயரிட அந்தமானைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1858 மார்ச் 10 அன்று ஜே.பி.வாக்கர் என்ற மருத்துவ அதிகாரியின் பொறுப்பில் 200 கைதிகள் போர்ட் பிளேரில் இறக்கப்பட்டனர். கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அனுப்புவதற்கென்றே அந்தத் தண்டனைக் குடியிருப்பு அப்போது அவசரமாகத் தொடங்கப்பட்டது. அறிஞரும் கவிஞருமான ஃபஸ்ல்-எ-ஹக் கைராபாதி 1861இல் அங்கேதான் இறந்தார். அலகாபாத்தில் நீலின் படைக்கு எதிராகக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மௌல்வி லியாகத் அலி பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்து பிடிபட்டு, 1870களில் ஆயுள் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். தம்மைத் தோற்கடித்தவரின் பெயரைத் தாங்கிய தீவுக்குச் சில மணிநேரப் படகுத் தொலைவில் அவர் கைதியாக இருந்தார். தோற்றவர்களுக்குச் சிறையாகவும் வென்றவர்களுக்கு நினைவுச் சின்னமாகவும் ஒரே கடற்பரப்பு பயன்பட்டது. பெயரிடுதலைத் தண்டனையின் ஒரு பகுதியாகவே நான் வாசிக்கிறேன்.

நீலின் பெயரோடு தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அவர் சென்னைப் படையின் தலைவர் என்பதால் அவருடைய முழுவுருவச் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நிறுவப்பட்டது. 1927இல் அதை அகற்றக் கோரிப் போராட்டம் வெடித்தது. கோடரியும் சுத்தியலும் கொண்டு சிலையைத் தாக்கியவர்கள் சிறைக்குப் போனார்கள். திருநெல்வேலியின் சோமயாஜுலு தொண்டர்களைத் திரட்டினார். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு மகளோடு போராடிச் சிறைபுகுந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை வந்த காந்தி தொண்டர்களைச் சந்தித்து, போராட்டம் அறவழியில் நடக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். சட்ட மேலவையில் சிலையை இடம்மாற்றும் தீர்மானம் தோற்றது. 1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அரசு அமைந்த பிறகே சிலை சாலையை விட்டுப் போனது. பத்தாண்டுகள்! ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் நீல் யார், அவர் அலகாபாத்திலும் கான்பூரிலும் என்ன செய்தார் என்பது தமிழ்நாட்டின் சிற்றூர்க் கூட்டங்களிலும் பேசப்பட்டது. சிலையை அகற்றக் கோரியதாலேயே அவருடைய செயல்கள் மக்களிடம் போய்ச் சேர்ந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மொழியியல் மாணவர்களுக்கு இங்கே ஓர் இடைக்குறிப்பு. அந்தப் போராட்டத்தைத் தமிழில் 'நீலன் சிலை சத்தியாகிரகம்' என்றே வழங்கினார்கள். ஆங்கிலப் பெயரோடு ஆண்பால் விகுதி சேர்ந்து, இராமாயணத்து வானரப் படைத்தலைவன் நீலனின் பெயர் போலவே ஆகிவிட்டது. அந்தமானிலோ எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஆங்கில எழுத்தில் கடைசி 'எல்' ஒன்று உதிர்ந்தது. இன்று அந்தப் பெயரைக் கேட்பவருக்கு இந்தியில் 'நீல்', தமிழில் 'நீலம்' என்று கடலின் நிறமே நினைவுக்கு வரும். பொருளிழந்த அயற்சொல்லுக்குப் பழகிய பொருள் ஒன்றைத் தரும் இந்த வழக்கத்தை நாட்டார் சொற்பிறப்பு என்போம். தூக்குமேடைகளின் நாயகர் ஒருவர் நிறப்பெயராகிக் கரைந்து போவதற்கு ஓர் எழுத்து உதிர்ந்ததே போதுமானதாக இருந்தது.

ஹேவ்லாக், நீல் என்ற பெயர்களுக்கு முன்னும் அத்தீவுகள் பெயரற்றுக் கிடந்தவை அல்ல. ரிட்சி தீவுக்கூட்டம் முழுவதும் அகர்-பாலே மொழி பேசிய மக்களின் நிலம். பெரிய அந்தமானிய மொழிக்குடும்பத்தின் தென்பிரிவைச் சேர்ந்த மொழி அது. அக்குடும்பத்தின் மொழிப்பெயர்களில் வரும் 'அக' என்ற முன்னொட்டு வாயைக் குறிப்பது. பேச்சு என்பது வாயோடு சேர்ந்த வினை என்பதால் மொழிகளுக்கும் அதுவே முன்னொட்டு. உடலின் பகுதிகளை அடிப்படையாகக் கொண்டு இலக்கணம் முழுவதையும் கட்டியெழுப்பிய இம்மொழிகளின் அமைப்பைப் பேராசிரியர் அன்விதா அப்பி விரிவாக விளக்கியிருக்கிறார். தண்டனைக் குடியிருப்போடு வந்த தொற்றுநோய்கள் அந்த மக்களை அழித்தன. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் அனைவரும் சேர்த்து 625 பேர்; 1961இல் 19 பேர். அகர்-பாலே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பேச்சொழிந்தது. அக-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று இறந்தபோது செய்தித்தாள்கள் எழுதின. அகர்-பாலேயின் கடைசி வாய் மூடியபோது எழுத எவரும் இருக்கவில்லை.

எனவே 1950களில் கிழக்கு வங்க அகதிக் குடும்பங்கள் ஹேவ்லாக்கில் குடியேற்றப்பட்டபோது அவர்கள் வந்து சேர்ந்தது ஆளில்லாத தீவு அன்று. ஆளில்லாமல் ஆக்கப்பட்ட தீவு. நீலில் அடுத்த பத்தாண்டில் குடியேற்றம் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் நாமசூத்திர உழவர்கள். பிரிவினையில் நிலத்தை இழந்து, மரம் வெட்டி வயல் திருத்தி, புதிதாகத் தொடங்கியவர்கள். இந்தத் தீவுகளின் பெயர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அடுக்கு அந்தக் குடியேற்றக் காலத்தது. ஹேவ்லாக்கின் ஊர்கள் கோவிந்தநகர், ராதாநகர், கிருஷ்ணாநகர், ஷியாம்நகர். நீலின் ஊர்கள் ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். ஒரு தீவு பாகவதம் என்றால் மற்றது இராமாயணம்! படைத்தலைவர்களின் பெயர்களுக்கு உள்ளே தெய்வங்களின் பெயர்கள் குடியேறின. தீவின் பெயரை மாற்றும் அதிகாரம் அகதிகளிடம் இல்லை. ஊருக்கு உகந்த பெயர் கிடைத்தது, அதை வாழ்ந்து நிலைநிறுத்தினார்கள். நீலின் நடுவூர் மட்டும் 'நீல் கேந்திரா'. இராமனும் சீதையும் பரதனும் இலக்குவனும் சூழ நடுவில் வீற்றிருக்கிறார் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் தளபதி. ஹேவ்லாக்கின் கடற்கரைகளுக்கு எண்களும் உண்டு. ராதாநகரை 'ஏழாம் எண் கடற்கரை' என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அழகற்ற அந்த எண்கள்தாம் இங்கே எவர்மீதும் வெற்றி கொண்டாடாத ஒரே பெயர்முறை.

இனி 2018. டிசம்பர் 30 அன்று பிரதமர் மோடி போர்ட் பிளேரில் மூன்று பெயர்மாற்றங்களை அறிவித்தார். ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவானது. ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்'. நீல் 'ஷஹீத் த்வீப்'. 1943 டிசம்பர் 30 அன்று போஸ் அங்கே கொடியேற்றியதன் 75ஆம் ஆண்டு நிறைவு அது. போஸ் சூட்டிய பெயர்களின் எல்லை வேறு: அந்தமான் முழுவதற்கும் ஷஹீத், நிக்கோபார் முழுவதற்கும் ஸ்வராஜ். 2018இல் அந்தமானின் பெயர் சுருங்கி நீலுக்கு வந்தது. நிக்கோபாரின் பெயர் பல நூறு கிலோமீட்டர் வடக்கே நகர்ந்து ஹேவ்லாக்கில் இறங்கியது. இடப்பெயராய்வில் பெயர் இடம்பெயர்தல் அரிதன்று. ஆனால் ஒரு தீவுக்கூட்டத்தின் பெயர் இன்னொன்றின் உறுப்புக்குப் போய்ச்சேர்ந்ததைப் பற்றி எவரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. 'த்வீப்' என்பதும் நம் 'தீவு' என்பதும் ஒரே வேர். ஆகையால் 'ஸ்வராஜ் த்வீப் தீவு' என்று தமிழ் விளம்பரங்களில் காணும்போது கொஞ்சம் சிரிக்கலாம்.

ஆனால் 'ஷஹீத்' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. தியாகி, உயிர்நீத்தவர் என்பது அதன் பொருள். 1943இல் தீவுகள் பெயரளவில் ஆசாத் ஹிந்த் அரசிடம் ஒப்படைக்கப்பட்டாலும் ஆட்சி ஜப்பானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது. போஸ் தலைமை ஆணையராக அனுப்பிய மருத்துவர் ஏ.டி.லோகநாதனிடம் கல்வித் துறையைத் தவிர வேறு எதையும் அவர்கள் முழுதாக ஒப்படைக்கவில்லை. 1944 ஜனவரி 30 அன்று, போஸ் வந்துசென்ற ஒரு மாதத்தில், ஒற்றர்கள் என்ற ஐயத்தில் 44 இந்தியர்கள் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் இந்திய சுதந்திர சங்கத்தவரே பலர். 1945 ஆகஸ்டில், உணவு தீர்ந்துபோன நிலையில், பயிரிட வேறு தீவுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லி நூற்றுக்கணக்கானோரைப் படகுகளில் ஏற்றினார்கள். இரவில் கரைக்கு எட்டாத தொலைவில் அவர்களைக் கடலில் குதிக்கச் செய்தார்கள். பலர் மூழ்கினர், நீந்திக் கரையேறியவர்களில் பெரும்பாலோர் பசியால் மடிந்தனர். அவர்கள் கரையேறிய தீவு ஹேவ்லாக். உயிர்நீத்தோர் என்ற பெயர் எந்தத் தீவுக்காவது பொருந்தும் என்றால் அதற்குத்தான் பொருந்தும். அதற்கு விடுதலையின் பெயர் கிடைத்தது. உயிர்நீத்தோரின் பெயர் பக்கத்துத் தீவுக்குப் போனது.

பெயர்மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. நீல் என்ற பெயர் ஒரு தீவின் மீது 2018 வரை இருந்ததுதான் வியப்பு. என் குறை வேறு. 1927இல் ஒரு சிலையை அகற்றும்படி கேட்டவர்கள் ஊரூராகப் போய் நீலின் குற்றங்களைச் சொன்னார்கள். 2018இல் ஒரே நாளில் பெயர் நீங்கியபோது அந்தக் குற்றங்கள் பேசப்படவே இல்லை. அலகாபாத் சாலையோரக் கிராமங்கள் ஏதும் நினைவுகூரப்படவில்லை. லியாகத் அலியின் பெயரை எவரும் சொல்லவில்லை. பெயரோடு குற்றமும் சேர்ந்து அழிந்தது. 2023 ஜனவரியில் பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அப்போதும் அவுட்ராம், நிக்கல்சன், ஹக் ரோஸ் ஆகியோரின் பெயர்கள் அசையாமல் இருந்தன. சுற்றுலாப் பயணிகள் போகாத தீவுகள் அவை. அகர்-பாலே மொழியின் ஒரு சொல்லும் எந்தப் பெயர்மாற்றத்திலும் திரும்பி வரவில்லை. அந்தமானில் பொதுமொழியாக இந்தி, எண்ணிக்கையில் முதலிடத்தில் வங்காளம், 2011இல் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழியாகத் தமிழ் என்று பல மொழிகள் புழங்கும் நிலத்தில், அந்நிலத்தின் மொழி மட்டும் பெயர்ப்பலகையில் இல்லை.

கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் முடிக்கக் கூடாது. முக்குளிக்க விரும்புவோர் ஹேவ்லாக் போகலாம், அதில் ஐயமில்லை. மூன்றே நாள் இருக்கிறது, நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் பிடிக்கும் என்றால் என் தேர்வு நீல். ஒரு நாளில் நான்கு ஊர்களையும் சுற்றிவிடலாம். ஊர்ப்பெயர்களின் கதையைக் கேட்டால் சொல்லக்கூடிய முதியவர்கள் தேநீர்க் கடைகளில் கிடைப்பார்கள். வங்காளம் தெரிந்த நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் விமானங்கள் பல சென்னை வழியாகத்தான் போகின்றன. மாறிச்செல்லும் விமானத்துக்கு அரை நாள் இடைவெளி இருந்தால் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்காமல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றப்பட்ட நீல் அங்கேதான் இருக்கிறார்.